பிஜித் தீவில் தென்னிந்தியர்

கடல் கடந்து செல்லுதல் தமிழ் மக்களுக்குப் புதியதொரு காரியமன்று. சோழ வேந்தரின் கப்பற்படை கடாரம் சென்றதையும், தமிழ் வணிகர் சுமத்ராத் தீவில் கல்வெட்டு நாட்டியதையும் நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அவர்கள் தம் விருப்பத்தால் சென்றவர்கள். வென்றும் ஈட்டியும் மீண்டவர்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், எழுதப் படிக்க அறியாத ஏழை மக்கள் பலர், தாம் செல்லும் தேசம் எத்திசையில் உள்ளதென்றும் அறியாமல், ஒப்பந்தச் சீட்டில் பெருவிரல் பதித்துக் கப்பலேறிச் சென்றனர். அவர்களைப் பற்றி மெய்க்கீர்த்தி பாடியவர் இலர். ஆயினும் அவர்களும் நம்மவரே. அங்ஙனம் நெடுந்தொலைவிற் சென்று குடியேறியவர்களுள் பிஜித் தீவினரும் அடங்குவர். அவர்தம் சரித்திரத்தைச் சுருக்கமாக எடுத்துரைத்து, தாய்மொழியை வீட்டிலும் வீதியிலும் இழந்த ஒரு கூட்டத்தார் தம் அடையாளத்தை முற்றும் இழந்துவிடாது எங்ஙனம் நிலைத்தனர் என்னும் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் துரைத்தனமும்

பிஜி என்பது ஒரு தீவன்று. தென் பசிபிக் சமுத்திரத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, முந்நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்த கூட்டம் அது. விட்டி லெவு, வனுவா லெவு என்னும் இரண்டே அவற்றுட் பெரியவை. 1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி அத்தீவுகளின் தலைவர்கள் தம் நாட்டைப் பிரிட்டிஷ் முடிக்கு ஒப்புவித்தனர். அடுத்த ஆண்டிலேயே மணல்வாரி நோய் பரவி, நாட்டுக் குடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அவ்வினமே அழிந்துவிடும் என்று முதற் கவர்னராக வந்த ஸர் ஆர்தர் கார்டன் அஞ்சினார். அவர் அவர்களைக் கிராமங்களிலேயே நிலைநிறுத்தி, அவர்தம் நிலம் பிறர்க்கு விற்கப்படாதபடி ஏற்பாடு செய்தார்.

ஆனால் துரைத்தனத்துக்கு வருமானம் வேண்டும். கரும்புத் தோட்டத்துக்குக் கையாட்கள் வேண்டும். கார்டன் அதற்கு முன் திரினிதாதிலும் மொரிஷியஸிலும் கவர்னராக இருந்தவர். அவ்விரு தீவுகளிலும் இந்தியத் தொழிலாளரைக் கொண்டு கரும்பு விளைத்ததைக் கண்ணாரக் கண்டவர். அம்முறையையே பிஜியிலும் நடத்தத் துணிந்தார். ஒரு ஜனத்தைக் காப்பாற்றும் பொருட்டு மற்றொரு ஜனத்தின் உழைப்பு விலையாகக் கொடுக்கப்பட்டது. நிலம் ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு என்று அன்று வகுத்த இவ்வகுப்பே, பின்னர் நூறு ஆண்டுக்கு மேலாக அத்தீவின் இன்னல்களுக்கெல்லாம் வேராய் நின்றதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒப்பந்தமும் கப்பலும்

முதற் கப்பலாகிய லியோனிதாஸ், கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, 1879-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி பிஜியை அடைந்தது. வழியிலேயே வாந்திபேதியும் பெரியம்மையும் கண்டன. பிழைத்து இறங்கினோர் 463 பேர். அன்று தொடங்கி 1916-ஆம் ஆண்டு நவம்பரில் சட்லெஜ் என்னும் கடைசிக் கப்பல் வந்து சேரும் வரையில், 60,000-க்குச் சற்று மேற்பட்ட இந்தியர் அத்தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அவர்கள் பெருவிரல் பதித்த ஒப்பந்தத்தின் சாரம் இது: ஐந்து ஆண்டு தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கும், பெண்டிர்க்கு ஒன்பது பென்ஸும் கூலி. பத்து ஆண்டு முடிந்தபின் ஊர் திரும்ப விரும்பினால் கப்பற் கட்டணத்தைத் துரைத்தனமே கொடுக்கும். ‘அக்ரிமெண்ட்’ என்னும் சொல்லைத் தொழிலாளர் ‘கிர்மிட்’ என்று வழங்கினர். அதனால் அவ்வாறு சென்றோர்க்குக் ‘கிர்மிட்டியர்’ என்னும் பெயர் நிலைத்தது.

ஏட்டில் எழுதிய கூலி கையில் வந்து சேர்வது அரிதாயிருந்தது. ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலையை ஓவர்சியர் அளந்து விடுவார். அதனை முடிக்காதவர்க்குக் கூலி குறையும்; சில வேளை நியாயஸ்தலத்துக்கும் இழுக்கப்படுவர். குடியிருப்போ, நீண்ட கொட்டகையைத் தடுத்துச் செய்த ‘லைன்’ வீடு. பத்தடி நீளமும் ஏழடி அகலமுமான ஓர் அறையில் மூன்று ஆடவரோ, ஒரு குடும்பமோ வாழ வேண்டும். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்பது ஏற்பாடு. அதனால் விளைந்த மானக்கேடும் கொலையும் கலகமும் கொஞ்சமல்ல. அத்தோட்டங்களில் ஸ்திரீகள் பட்ட துயரைக் கேட்டு நெஞ்சம் கொதித்தே சுப்பிரமணிய பாரதியார் அவர்களைக் குறித்துப் பாடினார். அப்பாட்டை அறிந்த தமிழர் பலர். அதிற் கூறிய பெண்டிரின் சந்ததியார் இன்றும் வாழ்கின்றனர் என்பதை நினைப்பவர் சிலரே.

சென்னைத் துறையிலிருந்து சென்றோர்

தொடக்கத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் கல்கத்தாத் துறையிலிருந்தே ஆட்கள் சென்றனர். அவர்கள் ஐக்கிய மாகாணம், பீஹார் முதலிய வடபிரதேசத்தார். 1903-ஆம் ஆண்டிலேதான் சென்னையிலிருந்தும் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினர். அவ்வாண்டு முதல் 1916 வரையில் சென்றவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். அதாவது, மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கு. வடஆர்க்காடு ஜில்லாவினர் அவருள் மிகப் பலர். தஞ்சை, கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்தும் தமிழர் சென்றனர். விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா ஜில்லாக்களின் தெலுங்கரும், மலையாளக் கரையினரும் அவர்களோடு கலந்திருந்தனர். இவர்கள் அனைவர்க்கும் அங்கே கிடைத்த பொதுப் பெயர் ‘மதராஸி’ என்பதே.

இவர்கள் துன்பம் வடவர் துன்பத்தினும் ஒருபடி மிகுந்தது. சர்தார் இடும் கட்டளையும், கடைக்காரன் சொல்லும் விலையும், பக்கத்து அறையினர் பேசும் பேச்சும் ஹிந்துஸ்தானி. வந்து இறங்கிய தமிழனுக்கோ அப்பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. வேலையைப் புரிந்துகொள்ளாமற் போனதனால் அடிபட்டோர் உண்டு. பேச்சுத் துணையின்றி மனமுடைந்தோரும் உண்டு. ஒப்பந்தக் காலத்தில் பிஜியில் தற்கொலை செய்துகொண்டோரில், தென்னிந்தியர் தம் தொகைக்கு மிஞ்சிய பங்கினராய் இருந்தனர் என்று பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். தாய்மொழியிலே அழுவதற்கும் ஆறுதல் கேட்பதற்கும் ஒருவர் இல்லாத இடத்தில் மனிதன் உயிரையும் வெறுப்பான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜாதிக் கட்டும் பட்டப் பெயரும்

நம் பத்திரிகையைப் படிப்போர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்பது இயல்பு: சென்றவர்களின் குலாசாரம் என்னவாயிற்று? கப்பலேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயணச் சீட்டு எழுதினார்கள். அதில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. ஆகவே ஏட்டளவில் ஜாதி மறக்கப்படவில்லை. ஆனால் டிப்போவிலே தங்கிய நாள் முதலாகவே எல்லார்க்கும் ஒரே அடுக்களை. கப்பலிலும் ஒரே கொப்பரை. தோட்டத்தில் வேலையைப் பகிர்ந்தபோது எவரும் குலம் கேட்டாரில்லை. பெண்டிர் தொகை குறைந்திருந்தமையால், ஒத்த குலத்தில் மணம் என்பதும் இயலாத காரியமாயிற்று. விலக்கி வைக்கப் பஞ்சாயத்தும் இல்லை. பிராயச்சித்தம் செய்விக்கப் புரோகிதரும் அரியர். ஒரு தலைமுறைக்குள் ஜாதிக் கட்டு என்பது வாழ்க்கையை நடத்தும் சட்டமாக இல்லாமற் போயிற்று. வடவர், தென்னவர் என்னும் பிரிவும், ஹிந்து, முஸ்லிம் என்னும் பிரிவுமே மேலோங்கி நின்றன.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கட்டு ஒழிந்தது, பட்டம் ஒழியவில்லை. கவுண்டர், நாயக்கர், முதலியார், பிள்ளை, நாயுடு, ரெட்டி, நாயர் என்னும் பட்டங்கள் இன்றும் பிஜியில் குடும்பப் பெயர்களாக வழங்கி வருகின்றன. பாட்டன் பெயராகிய முனிசாமி, சின்னப்பன் என்பவையும் அங்ஙனமே வமிசப் பெயர்களாயின. சாமி என்னும் ஈறு மாத்திரமே பெயராக நின்ற குடும்பங்களும் உள. அப்பட்டம் உடையவர்க்கு அதன் பழைய பொருள் பெரும்பாலும் தெரியாது. அது தம் முன்னோர் தென்னாட்டிலிருந்து வந்தனர் என்பதற்கு அடையாளம் என்ற அளவிலே நிற்கின்றது. ஜாதிக் கட்டுத் தளர்ந்ததனால் அம்மக்கள் ஒழுக்கம் கெட்டு அழிந்தாரல்லர் என்பதை நாம் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களைத் தாங்கியது வேறொன்று. அதனை மேலே கூறுவோம்.

ஒப்பந்த முறை ஒழிந்த வரலாறு

பாரத தேசத்தின் தலைவர்கள் இக்கொடுமையை அறிந்து வாளா இருந்தாரல்லர். கோபால கிருஷ்ண கோகலே 1912-ஆம் ஆண்டில் சட்டசபையிலே ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது. 1913-ஆம் ஆண்டில், பிஜியில் குந்தி என்னும் தொழிலாளப் பெண் ஓவர்சியரிடமிருந்து தன் மானத்தைக் காக்க ஆற்றில் குதித்த செய்தி இந்தியப் பத்திரிகைகளில் வெளியாகிப் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. 1915-ஆம் ஆண்டில் ஸி. எப். ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் நேரிற் சென்று கண்டு அறிக்கை எழுதினர். 1917-ஆம் ஆண்டில் ஆள் சேர்த்தல் நிறுத்தப்பட்டது. 1920-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்து செய்யப்பட்டன.

ஊர் திரும்பியோர் போக, ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் அத்தீவிலேயே தங்கினர். ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனியார் தம் நிலங்களைப் பத்துப் பத்து ஏக்கராகப் பகுத்துக் குத்தகைக்கு விட்டனர். கூலியாக வந்தவன் குடியானவனானான். ஆயினும் நிலம் அவனுடையதன்று. கரும்பின் விலையை நிர்ணயிப்பதும் அவனன்று.

தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்

இந்நிலையில், 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில், நாந்தி என்னும் ஊரில் சாது குப்புசாமி என்பவரின் முயற்சியால் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றிற்று. அத்தீவினர் இதனைச் சுருக்கமாகச் ‘சங்கம்’ என்றே வழங்குவர். இச்சங்கம் ஒரு ஜாதியாரின் சங்கமன்று. ஒரு பாஷையினரின் சங்கமுமன்று. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் யாவரும் சேர்ந்து, தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் தம் தெய்வங்களுக்குக் கோயிலும் வேண்டுமென்று அமைத்துக்கொண்ட கூட்டம்.

அக்காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கென இருந்த பாடசாலைகளே மிகச் சில. அவற்றிலும் ஹிந்துஸ்தானியே கற்பிக்கப்பட்டது. தம் பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க வேண்டுமென்று சங்கத்தார் துரைத்தனத்தாரிடம் மன்றாடினர். ஊரூராகச் சிறு பாடசாலைகளை எழுப்பினர். இந்தியாவிலுள்ள இராமகிருஷ்ண மடத்தாருக்கு எழுதி உதவி வேண்டினர். அதன் பயனாக 1937-ஆம் ஆண்டில் சுவாமி அவிநாசாநந்தரும், 1939-ஆம் ஆண்டில் சுவாமி ருத்ராநந்தரும் பிஜி சென்றனர். பின்னவர் 1985-ஆம் ஆண்டில் சித்தியடையும் வரையில் அத்தீவையே தம் ஊராகக் கொண்டார்.

ருத்ராநந்தர் பாடசாலை நடத்துவதோடு நின்றாரல்லர். குஜராத்தி வழக்கறிஞராகிய ஏ. டி. பட்டேலுடன் சேர்ந்து, கரும்புக் குடியானவர்களுக்காக 1941-ஆம் ஆண்டில் மகா சங்கம் ஒன்றை நிறுவினார். 1943-ஆம் ஆண்டில் குடியானவர்கள் கரும்பு வெட்ட மறுத்தபோது, துரைத்தனத்தார் இவ்விருவர் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தனர். கம்பெனியாரோடு நடந்த வழக்கு பல்லாண்டு நீடித்தது. 1969-ஆம் ஆண்டில் டென்னிங் பிரபுவின் முன் குடியானவர் சார்பில் வாதாடிய பட்டேல், தீர்ப்பு வெளியாகுமுன் காலமானார். தீர்ப்புக் குடியானவர்க்குச் சாதகமாக அமைந்தது. 1973-ஆம் ஆண்டில் கம்பெனியார் பிஜியை விட்டே நீங்கினர்.

இன்று சங்கத்தாரின் ஆதரவில் இருபதுக்கு மேற்பட்ட பாடசாலைகள் நடக்கின்றன. லம்பாசா நகரில் செவிலியர் கல்லூரியும் உண்டு. இப்பாடசாலைகளிற் கற்போருள் அந்நாட்டுப் பூர்வ குடிகளாகிய இதௌக்கேய் மக்களின் பிள்ளைகளும் மிகப் பலர். ஈஸ்டர் விடுமுறை தோறும் சங்கத்தின் ஆண்டு மகாநாடு கூடுகின்றது. அப்போது பந்தாட்டப் போட்டிகளும் நடக்கும். இளைஞர் பந்தாட வருவர். வந்தவர் தம் சுற்றத்தாரையும் காண்பர். இங்ஙனம் ஒரு நூற்றாண்டாகக் கூட்டம் கலையாதிருக்கின்றது.

பாஷை போன வழி

இவ்வளவு முயன்றும் பிஜியில் தமிழ் வீட்டு மொழியாக நிற்கவில்லை. தென்னிந்தியர் சந்ததியார் பேசுவது பிஜி ஹிந்தி என்னும் கலப்பு மொழி. தமிழறிந்த முதியோர் அருகி விட்டனர். பாடசாலையிற் பாடமாகக் கற்பிக்கும் முயற்சியைச் சங்கத்தார் கைவிட்டாரில்லை யெனினும், அடுக்களையிலும் வயலிலும் அது ஒலிப்பது அரிது. இதனைக் கேட்டு, ‘பாஷைப் பற்று இல்லாதவர்’ என்று அம்மக்களைக் குறை கூறுவோர் நம்மிடையே உளர். காரணங்களை எண்ணிப் பார்த்தால் அக்குறை நில்லாது.

முதலாவது, அவர்கள் சென்றது காலம் தாழ்த்து. 1903-க்கு முன்னரே இருபத்து நான்கு ஆண்டு அங்கு வாழ்ந்த வடவர், தம் பல வழக்குகளையும் கலந்து ஒரு பொதுமொழியை ஆக்கி விட்டனர். பின் வந்தவன் அதனைக் கற்றே பிழைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, அவர்கள் நான்கில் ஒரு பங்கினர். அப்பங்கும் மூன்று பாஷையாகப் பிரிந்திருந்தது. மூன்றாவது, கம்பெனியார் தம் தேவைக்கேற்ப ஆட்களைத் தோட்டம் தோட்டமாகப் பகிர்ந்தமையால், ஒரு கிராமம் முழுதும் தமிழராய் அமைவது அரிதாயிற்று. நான்காவது, வடவரோடு மணக் கலப்பு உண்டானபோது பிள்ளைகள் பொதுமொழியையே பேசினர். ஐந்தாவது, சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பலுக்கும் சங்கத்துக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டு சென்றுவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறை தமிழெழுத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது. ஆறாவது, 1941-ஆம் ஆண்டில் தெலுங்கர் பலர் தம் பாஷைக்கு உரிய இடம் கிடைக்கவில்லையென்று கருதி, தட்சிண இந்திய ஆந்திர சங்கம் என்று வேறொரு சங்கம் கண்டனர். சிறு கூட்டம் மேலும் சிறுத்தது.

இலங்கைக்கோ மலேயாவுக்கோ சென்ற தமிழன் ஊருக்கு வந்து போவான். பத்திரிகையும் புத்தகமும் அவனைத் தேடிச் செல்லும். பிஜியினர்க்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. மொரிஷியஸ் தீவின் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் மகிழ்ந்து பேசுகிறோம். பிஜியிலோ, 2013-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஆரம்பப் பாடசாலைகளில் இதௌக்கேய் மொழியும் பிஜி ஹிந்தியும் கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டுமென்று விதித்தது. தமிழுக்கு அவ்விதியில் இடமில்லை. பாஷை என்பது பற்றினால் மட்டும் வாழ்வதன்று. தாயும் பிள்ளையும் பேசவேண்டும். கொடுப்பவனும் கொள்பவனும் பேசவேண்டும். எழுத்துக் கற்பிக்க ஆசான் உரிய காலத்தில் வரவேண்டும். இம்மூன்றும் வாய்க்காத இடத்தில் பற்று நெஞ்சிலே நின்று, நாவிலிருந்து நீங்கிவிடும்.

கோயிலும் விழாவும்

நாவினின்று நீங்கியது கைகளிலும் கால்களிலும் நின்றதென்று சொல்லலாம். மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் இன்றும் பிஜியில் சிறப்பாக நடக்கின்றன. சுவா நகரத்து மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களை ஒட்டி அன்பர்கள் பத்து நாள் விரதமிருந்து, மஞ்சளாடை உடுத்து, அலகு தரித்துத் தீயில் இறங்குகின்றனர். அத்தீவின் பூர்வ குடிகளிலும் பெங்கா என்னும் தீவினர் காய்ந்த கற்களின்மேல் நடக்கும் வழக்கமுடையவர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஜனங்கள் ஒரே நாட்டில் நெருப்பின்மேல் நடந்து தெய்வத்துக்குச் சான்று காட்டுவது எண்ணி இன்புறத்தக்கது.

முருகன் வழிபாடும் அவ்வாறே. நாந்தி நகரில் சங்கத்தார் எடுப்பித்த சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கும்பாபிஷேகம் கண்டது. இந்தியாவிலிருந்து சிற்பிகள் சென்று திராவிட முறையிலேயே கோபுரமும் விமானமும் அமைத்தனர். வர்ணம் தீட்டிய அக்கோபுரம் நகரின் பிரதான வீதியின் முடிவில் நிற்கின்றது. அங்கே காவடி எடுப்போர் தமிழில் அருச்சனை கேட்டால் பொருள் முழுதும் அறியார். ஆயினும் தம் பாட்டனார் வணங்கிய தெய்வம் இது என்பதை அறிவார். அவ்வறிவு சிறிதன்று.

பிற்கால இன்னல்கள்

1970-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி பிஜி சுதந்திரம் அடைந்தது. 1986-ஆம் ஆண்டின் ஜனக்கணக்கின்படி இந்திய வமிசத்தார் 3,48,704 பேர். அதாவது நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேருக்குச் சற்று மேல். 1987-ஆம் ஆண்டில் அவர்கள் ஆதரவோடு அமைந்த மந்திரி சபையை, மே மாதம் 14-ஆம் தேதி ரம்புக்கா என்னும் படை அதிகாரி படையைக் கொண்டு கவிழ்த்தார். லியோனிதாஸ் கப்பல் வந்து சரியாக 108 ஆண்டு நிறைந்த நாள் அது. 1999-ஆம் ஆண்டில் மகேந்திர சௌத்ரி முதன்முதலாக இந்திய வமிசத்துப் பிரதம மந்திரியானார். 2000-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி அவர் அரசும் ஆயுதத்தால் வீழ்த்தப்பட்டது. இதனோடு, 1997 முதல் நிலக் குத்தகைகளும் காலம் முடிந்து ஒவ்வொன்றாக ஒழிந்தன. மூன்று தலைமுறை உழுத நிலத்தை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணத்தின் புறஞ்சேரிகளை அடைந்தன.

வசதியும் படிப்பும் உள்ளோர் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கானடா, அமெரிக்கா முதலிய தேசங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 2007-ஆம் ஆண்டின் கணக்கில் இந்தியர் 3,13,798 பேராகக் குறைந்து, நூற்றுக்கு 37 அல்லது 38 என்னும் விகிதத்தில் நின்றனர். முதலில் பாட்டன் கடல் கடந்தான், ஏமாற்றப்பட்டு. பின் பேரன் கடல் கடந்தான், அஞ்சி. ஆனால் இரண்டாம் பயணத்தில் ஒரு வேற்றுமை உண்டு. பேரன் சங்கத்தை உடன்கொண்டு சென்றான். நியூஸிலாந்து முதலிய இடங்களிலும் அவர்கள் அப்பெயரிலேயே கூட்டம் அமைத்து, பந்தாட்டமும் பூஜையும் நடத்தி வருகின்றனர்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் கிர்மிட் நாள் பிஜியில் முதன்முறையாகப் பொது விடுமுறையாக அனுசரிக்கப்பட்டது. அப்போது பிரதம மந்திரியாயிருந்தவரும் அந்த ரம்புக்காவே. 1987-ஆம் ஆண்டிற் செய்த செயலுக்காக அவர் யாவரும் கேட்க மன்னிப்பு வேண்டினார். இழந்த நிலமும் பிரிந்த சுற்றமும் அதனால் மீளா. எனினும் செய்த கேட்டைக் கேடென்று ஆள்வோர் வாயாற் சொல்லக் கேட்பது பாதிக்கப்பட்டோர்க்கு ஓர் ஆறுதலே.

நாம் கொள்ள வேண்டுவன

இச்சரித்திரத்திலிருந்து நம்போன்ற சங்கத்தார் அறியத்தக்கவை இரண்டு. பிஜித் தென்னிந்தியரைத் தாங்கியது குலப் பெருமையன்று. அவர்களுக்கு அது ஏட்டில் மட்டுமே இருந்தது. கூலியில் மிச்சம்பிடித்த காசைக் கொண்டு கட்டிய பாடசாலையும், அதனை நடத்தக் கூடிய கூட்டமுமே அவர்களைத் தாங்கின. அப்பாடசாலையின் கதவை அந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்ததனால், கலகக் காலத்திலும் அது வேற்றார் உடைமையென்று எண்ணப்படாது நின்றது. சங்கம் வைத்திருப்போர் யாவரும் தம் சங்கம் எதற்கு என்று கேட்டுக்கொள்ளும்போது இதனை நினைவுகூர்தல் நலம். மற்றொன்று, உரிய காலத்திற் செய்யாத காரியம் பின்னர் எத்தனை மடங்கு உழைத்தாலும் முழுதும் கைகூடாது என்பது. இருபது ஆண்டு முன்னே ஆசான் ஒருவர் சென்றிருப்பாராயின் பிஜியில் தமிழ் இன்று ஓரளவேனும் பேசப்பட்டிருக்கும்.

இனி, நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முன்னர்க் கூறிய பயணச் சீட்டுகள் பிஜி நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அவற்றின் நகலைக் கையிலேந்தி, பேரன்மாரும் பேத்திமாரும் தம் முன்னோர் கிராமத்தைத் தேடி நம் நாட்டுக்கு வருகின்றனர். சீட்டு எழுதிய குமாஸ்தா காதிற் கேட்டவாறு ஆங்கிலத்தில் எழுதியதனால் ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும். வடஆர்க்காடு என்று குறித்த ஜில்லா இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துள்ளது. அதன் வடபகுதி சித்தூரோடு ஆந்திர தேசத்திலே சேர்ந்துவிட்டது. வந்தவர்க்குத் தமிழும் தெரியாது. இந்நிலையில் அவர் தாலுகா ஆபீஸ் வாயிலில் நின்று திரும்பிப் போவது நமக்கு இழுக்கு.

ஆகவே நம் நேயர்கள் தத்தம் குடும்பத்து முதியோரைக் கேட்டு, ‘கப்பலேறிப் போனவர், திரும்பி வராதவர்’ என்று சொல்லப்படுவோர் பெயரையும், போன காலத்தையும், கிராமத்தின் பழைய பெயரையும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். கோயில் வரிப் புத்தகங்களிலும், பழைய நிலப் பத்திரங்களிலும் அப்பெயர்கள் கிடைக்கக்கூடும். தேடி வருவோர் எக்குலத்தவர் என்று பாராது வழிகாட்டுக. அவர் பாட்டனார் கப்பலில் உண்ட ஒரே கொப்பரைச் சோற்றை எண்ணினால், அக்கேள்வி எழுதற்கே இடமில்லை.

தம் ஊர்ப் பெயர் இன்னதென்று அறிந்துகொள்ளும் அளவுக்கேனும் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனைத் தீர்ப்பது அரிதன்று; மனம் ஒன்றே வேண்டுவது.